அறிஞர் கால்மெட்

நன்மையும் தீமையும் ஒரே பொருளினின்று தோன்றுதல் உலகியற்கை. சோறு சமைக்கும் தீயே கூரையைப் பற்றினால் ஊரை அழிக்கும். வயலை வளமாக்கும் ஆறே கரை கடந்தால் வீடுகளை வாரிக்கொண்டு செல்லும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் இத்தன்மையனவே. பாலைத் தயிராக்குவனவும் அவை. மனிதர் உடலிற் புகுந்து நோயை விளைப்பனவும் அவை. அவற்றின் தீமையை அடக்கி, அவற்றால் ஆகும் நன்மையைப் பெருக்கும் வழிகளைத் தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவர் பிரெஞ்சு நாட்டில் தோன்றினார். அவரே ஆல்பர்ட் கால்மெட் என்பவர்.

நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு இடப்பக்க மேற்கையில் இடப்படும் பி.சி.ஜி. என்னும் தடுப்பு மருந்தின் பெயரில் நடுவே நிற்கும் எழுத்து, கால்மெட்டின் பெயருக்குரிய முதலெழுத்தாகும். அம்மருந்தின் வாயிலாக அவரை அறிந்தோர் பலர். ஆனால், சாராயம் வடிக்கும் தொழிலில் ஒரு புதுமுறைக்கு அவர் வித்திட்டார் என்பதையும், ஆலைகளும் நகரங்களும் வெளியேற்றும் கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டே தூய்மை செய்யும் துறையில் அரும்பாடுபட்டார் என்பதையும் அறிந்தோர் சிலரே.

பிறப்பும் இளமையும்

கால்மெட் 1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், மத்தியதரைக் கடற்கரையிலுள்ள நீஸ் என்னும் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் அரசாங்க அலுவலர். இளமையிலேயே கால்மெட்டுக்குக் கடல்மேல் தீராக் காதல் இருந்தது. கப்பற்படைத் தலைவராக விளங்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆயினும், பள்ளியிற் படிக்கும்போது கடுங்காய்ச்சல் அவரைப் பற்றியது. உயிர் பிழைத்தாரேனும், கப்பற்படை அதிகாரிக்கு வேண்டிய உடல் வலிமை அவருக்கு இல்லையாயிற்று. எண்ணிய எண்ணம் ஈடேறாமை கண்டு அவர் சோர்ந்துவிடவில்லை. கடலை விடாமலே பிறருக்குப் பயன்படும் வழி ஒன்று அவருக்குப் புலப்பட்டது. 1881இல் பிரெஸ்ட் நகரிலிருந்த கப்பற்படை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

1883 முதல் அவர் கப்பல் மருத்துவராகக் கீழ்த்திசைக் கடல்களிற் பணி புரிந்தார். ஆங்காங்கில், வெப்ப நாட்டு நோய்களை ஆராய்வதிற் புகழ் பெற்ற பாட்ரிக் மான்சன் என்பவரைக் கண்டார். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுவைப்பற்றி ஆராய்ந்து, அதனையே தம் பட்டத்திற்குரிய கட்டுரைப் பொருளாகக் கொண்டார். பின்னர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள காபோன் நாட்டிலும், வட அமெரிக்காவுக்கு அருகிலுள்ள சேன் பியேர் தீவிலும் பணியாற்றினார். அத்தீவில் மீன் பிடிப்போர் உப்பிட்டு வைத்த மீன்கள் சிவந்து கெடுவது வழக்கம். அதனால் ஏழைகளாகிய மீனவர் பெருநட்டம் அடைந்தனர். கால்மெட் அதனை ஆராய்ந்து, உப்பிலேயே வாழும் நுண்ணுயிர் ஒன்றே அக்கேட்டுக்குக் காரணம் என்று கண்டார். நுண்ணுயிர் ஆராய்ச்சியில் அவர் வைத்த முதலடி அதுவே எனலாம்.

சைகோன் நகரில்

1890இல் கால்மெட் பாரிசு நகருக்குத் திரும்பினார். அங்கே லூயி பாஸ்டர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், பாஸ்டரின் தலைமாணாக்கராகிய எமில் ரூ என்பவரிடம் பாடங் கேட்டார். மாணவரின் கூர்த்த மதியையும் ஓயா உழைப்பையும் கண்ட ஆசிரியர்கள் அவரிடம் பெரும் பொறுப்பு ஒன்றை ஒப்படைத்தனர். அந்நாளில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த வியத்துநாமின் சைகோன் நகரில், பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்றை நிறுவுவதே அப்பொறுப்பு. 1891இல் அவர் அந்நகரை அடைந்தார். 

குளிர்ந்த நாட்டினின்று அம்மைப்பால் வெப்ப நாட்டை வந்து சேர்வதற்குள் வலிமை இழந்துவிடும். ஆதலின், கால்மெட் எருமைக் கன்றுகளின் உடலில் அம்மைப்பாலை அங்கேயே உண்டாக்கி, ஆயிரக்கணக்கான மக்களைப் பெரியம்மையினின்றும் காத்தார். வெறிநாய்க் கடிக்கும் மருந்து ஆயத்தம் செய்தார். வெள்ளத்திற்கு அஞ்சி ஓர் ஊருக்குட் புகுந்த நல்லபாம்புகள் பலரைக் கடித்தன என்றும், சிலர் மாண்டனர் என்றும் செய்தி வந்தபோது, அவர் பாம்பின் நஞ்சையும் ஆராயத் தொடங்கினார். அதன் பயனாகச் சில ஆண்டுகளில் பாம்புக்கடிக்குரிய மாற்று மருந்து உருவாயிற்று. நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்தி, அதன் குருதியிற் பிறக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அம்முறை. ஒரு பாம்பின் நஞ்சுக்கு ஏற்ற மருந்து எல்லாப் பாம்புகளுக்கும் ஏற்கும் என்று அவர் முதலிற் கருதினார். அஃது அவ்வாறன்று எனப் பிரேசில் நாட்டு அறிஞர் பின்னர்க் காட்டினர். எனினும், வழி திறந்தவர் கால்மெட் என்னும் பெருமை குறைவுபடவில்லை.

சைகோனில் அவர் கருத்தைக் கவர்ந்தது மற்றுமொன்று உண்டு. அங்குள்ள சீனர் அரிசியிலிருந்து சாராயம் வடிப்பர். அதற்கெனச் சிறு வில்லைகளை ஆக்கி, அவற்றைப் பொடித்துச் சோற்றிற் கலப்பர். சில நாட்களிற் சோறு இனித்துப் பின் புளித்துச் சாராயமாகும். மாவுப்பொருள் நேரே சாராயமாவதில்லை. முதலிற் சர்க்கரையாக மாறுதல் வேண்டும். ஐரோப்பியர் அதற்கு முளைவிட்ட தானியத்தைப் பயன்படுத்தினர். சீனர் வில்லைக்குள் அவ்வேலையைச் செய்வது யாது? கால்மெட் பூதக்கண்ணாடியின் துணைகொண்டு ஆராய்ந்து, அஃது ஒருவகைப் பூஞ்சணமே என்று 1892இல் வெளியிட்டார். தம் ஆசிரியராகிய ரூவின் பெயரையே அதற்குச் சூட்டினார். இதனை அடிப்படையாகக் கொண்டு, பிரெஞ்சு நாட்டின் செக்லின் என்னும் ஊரிலிருந்த வடிசாலையில் புதுமுறை ஒன்று உருவாகியது. நன்கு காய்ச்சித் தூய்மை செய்த தானியக் கூழில் முதலிற் பூஞ்சணத்தையும் பின்னர் ஈஸ்டையும் இட்டு, வேறு நுண்ணுயிர் புகாதவாறு மூடிய கலங்களிற் புளிக்க வைக்கும் முறை அது.

அறிவின் பயன் அதனைக் கையாள்வார் மனத்தைப் பொறுத்தது. கால்மெட் கண்ட உண்மையைக் கொண்டே வியத்துநாமில் பெரிய வடிசாலைகள் எழுந்தன. காலனி அரசு அவற்றிற்குத் தனியுரிமை அளித்தது; சிற்றூர் மக்கள் வழிவழியாகச் செய்துவந்த அரிசிச் சாராயத் தொழிலைத் தடுத்தது; மீறியவர்களைத் தண்டித்தது. ஏழை மக்கள் அதனால் மிக நொந்தனர். அம்மக்களின் கைத்தொழிலிற் கற்ற உண்மையே அம்மக்களுக்கு எதிராயிற்று. இஃது அறிவியல் வரலாற்றில் நாம் மறத்தற்கரிய ஒரு பாடம்.

லீல் நகரும் கரிய ஆறும்

நோயுற்றமையால் கால்மெட் 1893இல் தாய்நாடு திரும்பினார். அக்காலத்தில் பிரெஞ்சு நாட்டின் வடபகுதியிலுள்ள லீல் நகர மக்கள், தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் இறப்பதைக் கண்டு, தம் நகருக்கும் பாஸ்டர் நிலையம் ஒன்று வேண்டும் என விரும்பினர். அதனை நடத்தக் கால்மெட்டே தக்கார் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1895இல் அப்பொறுப்பை ஏற்ற அவர், 1919 வரை அந்நகரிலேயே உழைத்தார்.

லீல் நகருக்கும் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1856இல் அந்நகரிற் பேராசிரியராக இருந்த பாஸ்டர், சர்க்கரைக் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலையொன்றிற் புளிப்பு கெடுவதன் காரணத்தை ஆராயப் புகுந்தார். புளித்தல் நுண்ணுயிர்களின் செயல் என்னும் பேருண்மைக்கு அவரை இட்டுச்சென்ற ஆராய்ச்சிகளுள் அதுவும் ஒன்று. காற்றின்றியே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதனையும் 1861இல் அவர் கண்டறிந்தார். ஆசிரியர் விதைத்த நிலத்திலேயே மாணவரும் உழவேண்டியதாயிற்று.

நகரைச் சூழத் துணியாலைகள், கம்பளி கழுவும் ஆலைகள், சர்க்கரை ஆலைகள், சாராய வடிசாலைகள் ஆகியன நெருங்கியிருந்தன. அவை செல்வத்தைப் பெருக்கின. ஆனால், தம் கழிவுநீரை ஆறுகளிலும் கால்வாய்களிலும் விட்டன. நீர் கறுத்து நாறியது. மீன்கள் மடிந்தன. பெருஞ்செல்வர் நீரோட்டத்தினின்று விலகி மாளிகை கட்டிக்கொண்டனர். ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்த தொழிலாளரோ அந்நாற்றத்திலேயே உண்டு உறங்கினர்.

ஆலைக் கழிவுகளுள் வடிசாலைக் கழிவுநீர் மிகக் கொடியது. ஒரு லிட்டர் சாராயத்தை வடித்தெடுத்தால், இக்கால ஆலைகளிலும் எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை கழிவுநீர் மிஞ்சும். அது கொதிக்கும் சூடும் புளிப்பும் உடையது. செந்நிறமும் கருநிறமும் கலந்தது. அதில் நஞ்சு என்று தனியே ஒன்றும் இல்லாவிடினும், கரைந்து நிற்கும் உயிர்ப்பொருள் மிகுதி. அப்பொருளை உண்ணப் பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் உள்ள பிராணவாயு முழுவதையும் உறிஞ்சிவிடும். மூச்சு விட வழியின்றி மீன்கள் மாளும். நகரக் கழிவுநீர் ஒரு லிட்டரைச் சிதைக்கச் சில நூறு மில்லிகிராம் பிராணவாயு போதும். சர்க்கரைக் கழிவுப்பாகிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலையின் கழிவுநீருக்கோ 40,000 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். அதனால், சிறு வடிசாலை ஒன்றும் பெரிய ஊர் ஒன்றின் அளவுக்கு ஆற்றைக் கெடுக்கவல்லது.

அழுக்கை உண்ணும் உயிர்கள்

இதற்கு மருந்து யாது? கழிவுநீரை அகன்ற நிலங்களிற் பாய்ச்சுவது பழைய முறை. நெருக்கமான தொழில் நகருக்கு அத்துணை நிலம் ஏது? இரசாயனப் பொருள்களைக் கலந்து அழுக்கைப் படியவைக்கலாம். அதற்குச் செலவு மிகுதி. படிந்த சேற்றை எங்கே கொட்டுவது என்னும் இடரும் உண்டு. ஆற்றிலே நுண்ணுயிர்கள் செய்யும் வேலையை ஆற்றிற் கலக்குமுன்னரே செய்வித்தால் என்ன என்று அறிஞர் சிலர் எண்ணினர். இங்கிலாந்தில் இம்முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. பிரெஞ்சு நாட்டில் இதனை முறையாக ஆராயக் கால்மெட் முன்வந்தார். 1904இல் லீல் நகரை அடுத்த லா மதலேன் என்னும் ஊரில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்.

அங்கே கழிவுநீர் முதலில் ஆழமான தொட்டிகளிற் புகும். காற்று நுழையாத அவ்விருளில், காற்றை வேண்டாத நுண்ணுயிர்கள் வாழும். அவை திண்மையான அழுக்கைக் கரைத்து, ஒரு பகுதியை வாயுவாக்கிவிடும். பின்னர் அந்நீர், எரிந்த நிலக்கரியின் கட்டிகளை நிரப்பிய பாத்திகளின்மேல் விட்டுவிட்டுப் பாய்ச்சப்படும். கட்டிகளின் மேற்புறத்தில் மெல்லிய தோல்போல் ஒட்டி வாழ்வன காற்றை வேண்டும் நுண்ணுயிர்கள். நீர் வடிந்தபின் காற்றை உட்கொண்டு, தாம் பற்றிய அழுக்கை அவை எரித்துவிடும். நாற்றமுள்ள அம்மோனியா, பயிருக்கு உரமாகும் நைட்ரேட்டாக மாறும். அடியில் வந்து சேரும் நீர் தெளிந்திருக்கும்.

இம்முறை பார்வைக்கு எளிது, நடத்துவதோ அரிது. நுண்ணுயிர்களும் உயிர்களே. ஓயாது நீரைப் பாய்ச்சினால் அவை மூச்சடைத்து மாளும். உணவு மிகுந்தாலும் பாத்தி அடைபடும். வடிசாலைக் கழிவுநீரை அப்படியே விட்டால் அதன் சூடும் புளிப்பும் அவற்றை அழித்துவிடும். ஆதலின், அதனை ஆறவிட்டு, சுண்ணாம்பு கலந்து புளிப்பை நீக்கி, அளவறிந்து ஊட்டுதல் வேண்டும். கால்மெட்டும் அவர் துணைவர்களும் நாள்தோறும் புகும் நீரையும் வெளிவரும் நீரையும் அளந்து ஆராய்ந்தனர். நகரக் கழிவுநீரோடு ஆலைக் கழிவுநீரும் அவர்களின் ஆராய்ச்சிக்கு உட்பட்டது. கண்ட முடிவுகளை 1905 முதல் பல தொகுதிகளாக வெளியிட்டனர். நாடாளும் மன்னரும் படைத்தலைவரும் புகழ்பெறும் உலகில், சாக்கடைக் கரையில் நின்று குறிப்பெழுதிய அறிஞரைப் பாராட்ட ஊர்வலம் எதுவும் வரவில்லை. அவரும் அதனை நாடவில்லை.

எலும்புருக்கி நோயுடன் போர்

நீரைக் கெடுத்த ஆலைகளே தொழிலாளரின் நுரையீரலையும் கெடுத்தன. காற்றோட்டமற்ற ஆலைகளிலும் நெருக்கமான குடில்களிலும் எலும்புருக்கி நோய் எனப்படும் காசநோய் பரவியது. 1901இல் கால்மெட் ஏழை நோயாளிகளுக்கென இலவச மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். வீடு வீடாக ஆட்களை அனுப்பி, நோயாளிகளுக்கு உணவு உதவியும் அறிவுரையும் நல்கினார். அவர்கள் துணிகளை வெளுத்துக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்.

நோய் வந்தபின் காப்பதினும் வருமுன் காத்தல் நன்று என்பதை அவர் உணர்ந்தார். கால்நடை மருத்துவராகிய கமில் கெரின் என்பவரைத் துணைக்கொண்டு, பசுவினிடம் கண்ட காசநோய்க் கிருமிகளை, மாட்டுப் பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் வளர்த்தார். அவ்வாறு வளர்ந்த கிருமிகளின் கொடுமை குறைவதை இருவரும் கண்டனர். 1908 முதல் மூன்று வாரத்திற்கு ஒருமுறை அக்கிருமிகளைப் புதிய கிழங்கிற்கு மாற்றி வந்தனர். பதின்மூன்று ஆண்டுகள், இருநூற்று முப்பது முறை!

இடையிலே முதல் உலகப் போர் மூண்டது. 1914இல் கால்மெட்டின் உடன்பிறந்தார் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே ஜெர்மானியப் படை லீல் நகரைக் கைப்பற்றியது. நான்காண்டுகள் நகரம் பசியிற் கிடந்தது. கால்மெட்டின் மனைவியாரையும் பகைவர் பிணையாகக் கொண்டுசென்றனர். உருளைக்கிழங்கு மக்கள் உண்பதற்கே கிடைத்தற்கரிதாயிற்று. அந்நிலையிலும் கால்மெட் ஊரைவிட்டு அகலவில்லை. கிருமி வளர்ப்பையும் கைவிடவில்லை. காசநோயைப்பற்றிய பெருநூல் ஒன்றையும் எழுதி முடித்தார்.

1921இல் பாரிசு மருத்துவமனை ஒன்றில் குழந்தை பிறந்த சிறிது நேரத்திற்குள் தாய் காசநோயால் இறந்தாள். அக்குழந்தையை வளர்க்க இருந்த பாட்டிக்கும் அந்நோயே. மருந்திட்டால் என்னாகுமோ என்பது ஐயம். இடாவிடில் நோய் பற்றுவது உறுதிபோல் இருந்தது. மருத்துவர் கால்மெட்டின் மருந்தைக் குழந்தைக்கு வாய்வழி அளித்தனர். குழந்தை நலமாக வளர்ந்தது. அன்று தொட்டு அம்மருந்து உலகெங்கும் பரவியது.

பெருந்துயரும் மறைவும்

1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஏறக்குறைய 250 குழந்தைகளுக்கு இம்மருந்து தரப்பட்டது. அவர்களுள் 70க்கு மேற்பட்டோர் காசநோயால் மாண்டனர். உலகமே கால்மெட்டைச் சந்தேகக் கண்கொண்டு நோக்கியது. வலிமை குன்றிய கிருமி மீண்டும் கொடியதாயிற்றோ எனப் பலர் அஞ்சினர். குழந்தைகளைக் காக்கவே முப்பதாண்டு உழைத்த முதியவரின் நெஞ்சம் எவ்வாறு வெந்திருக்கும்! முறையாக ஆராய்ந்தபோது, லூபெக் ஆய்வுக்கூடத்திலேயே கொடிய கிருமி மருந்திற் கலந்துவிட்டது புலனாயிற்று. 1932இல் வழக்கு முடிந்தது. அம்மருந்தை ஆக்கித் தந்த பொறுப்பாளர் தண்டனை பெற்றனர். கால்மெட்டின் மருந்து குற்றமற்றது எனத் தெளிந்தது. ஆயினும், அத்துயரின் சுமை அவரை விட்டு நீங்கவில்லை. 1933ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் அவர் பாரிசில் உயிர் நீத்தார். அவர் மறைந்த சில நாட்களுக்குள் ஆசிரியர் ரூவும் மறைந்தார்.

இன்றும் நிற்கும் பணி

கால்மெட்டின் மருந்து தமிழ்நாட்டோடும் தொடர்புடையது. 1948இல் சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. மருந்து ஆக்கும் நிலையம் அமைந்தது. 1968இல் செங்கற்பட்டுப் பகுதியில் தொடங்கிய பேராய்வு ஒன்று, பெரியோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அம்மருந்து தடுக்கவில்லை என்று காட்டியது. எனினும், பச்சிளங் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயினின்று அது காக்கின்றமையால், இன்றும் குழந்தைகளுக்கு இடப்படுகின்றது.

கழிவுநீர்த் துறையிலும் அவர் காலத்திற்குப் பின் புதுமைகள் பல தோன்றின. இக்கால வடிசாலைகளிற் காற்றுப் புகாத பெருங்கலங்களில் நுண்ணுயிர்கள் கழிவுநீரைச் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அவ்வாயு ஆலையின் கொதிகலனையே எரிக்கின்றது. ஆயினும், அந்நீரின் கருஞ்செந்நிறத்தை நுண்ணுயிர்களால் முழுதும் நீக்க இயலவில்லை. அறிஞர் இன்றும் அதற்கு வழி தேடுகின்றனர். காற்றை வேண்டாத உயிர்கள் முதலிலும், வேண்டும் உயிர்கள் பின்னரும் வேலை செய்தல் என்னும் நெறியோ லா மதலேனில் கால்மெட் கண்ட நெறியே.

கப்பற்படைத் தலைவராகி நாடுகளை வெல்ல விரும்பிய சிறுவர், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வென்றார். வென்றதோடு நில்லாது, அவற்றை மனிதர்க்கு ஏவல் செய்யவும் பழக்கினார். அழுக்கு என்று பிறர் மூக்கைப் பொத்தி விலகிய இடத்தில் அவர் நின்றார். நோய் என்று பிறர் அஞ்சி ஓடிய இடத்திற் புகுந்தார். பழி வந்தபோதும் உண்மையை நம்பிப் பொறுத்தார். ஓர் ஊரின் ஆறு தெளிவாக ஓடுவதும், அவ்வூர்க் குழந்தை நலமாக வளர்வதும் வெவ்வேறு செயல்கள் அல்ல. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கிய கால்மெட்டை உலகம் என்றும் நன்றியோடு நினைக்கும்.